சிறிய மாற்றுப் பள்ளி: சேர்க்கைக் குழுவில் அமரும் ஒரு தாய்க்கு

கேள்வி: நாங்கள் சியாட்டிலில் வசிக்கிறோம். என் மகள் சென்ற ஆண்டு ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது மிகவும் துவண்டுபோனாள். இந்த ஆண்டு அவளை ஒரு சிறிய அரசு மாற்றுப் பள்ளியில் சேர்த்தோம். மொத்தம் 140 மாணவர்கள், மதிப்பெண் கிடையாது, ஆசிரியர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பிள்ளை மறுபடி சிரிக்கிறாள். ஆனால் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்றும், மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையர் என்றும் சொல்கிறார்கள். பள்ளி முதல்வர் என்னைச் சேர்க்கை, பன்மைத்துவக் குழுவில் இருக்கச் சொன்னார். முதல் கூட்டத்தில் கறுப்பினக் குடும்பங்களை எப்படி வரவழைப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த அறையில் வெள்ளையர் அல்லாதவள் நான் ஒருத்திதான். ஊரில் இருப்பதுபோல இட ஒதுக்கீடு வைத்தால் தீர்ந்தது என்கிறார் என் கணவர். பள்ளியை மூடிவிடுவார்களா? மகளை அங்கேயே வைத்திருக்கலாமா? குழுவில் நான் என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலில் உங்கள் மகளைப் பற்றி. ஓராண்டாக மனம் ஒடுங்கியிருந்த பிள்ளை மறுபடி சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியின் எதிர்காலம் உறுதியாகத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவளை அங்கிருந்து எடுக்காதீர்கள். பள்ளிகளை மூடும் முடிவு ஓர் இரவில் எடுக்கப்படுவதன்று. அறிவிப்பும் பொது விசாரணையும் பள்ளி வாரியத்தின் வாக்கெடுப்பும் அதற்கு முன் நடந்தாக வேண்டும். நகரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் சியாட்டில் பள்ளி மாவட்டமே 2024 இல் ஏறத்தாழ 20 பள்ளிகளை மூடும் திட்டத்தை முன்வைத்து, பெற்றோரின் எதிர்ப்புக்குப் பின் அதை நான்காகக் குறைத்து, நவம்பரில் அந்த நான்கையும் கைவிட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை தொடக்கநிலைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். இருந்தாலும், 2019–20 இல் 53,000-ஐத் தாண்டியிருந்த மாவட்டத்தின் மொத்த மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 50,000 அளவுக்கு இறங்கிவிட்டபடியால், சிறிய பள்ளிகள் எல்லாவற்றின் மீதும் நிதிக் கணக்கரின் கண் இருந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் முதல்வரின் கவலை வீணானதன்று.

அந்தக் கவலையின் கணக்கை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் குழுவில் பேசப்படும் எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். வாஷிங்டன் மாநிலத்தில் செப்டம்பரின் நான்காவது பள்ளி நாளன்றும், அதன்பின் ஒவ்வொரு மாதத்தின் முதல் பள்ளி நாளன்றும் தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைகளின் சராசரிதான் பள்ளிக்கு வரும் அரசுப் பணமாக மாறுகிறது. 1,600 பேர் படிக்கும் பள்ளியில் பத்துப் பேர் குறைந்தால் அது யாருக்கும் தெரியாது. 140 பேர் உள்ள பள்ளியில் பத்துப் பேர் குறைந்தால் ஓர் ஆசிரியரின் பணியிடமோ அதில் பாதியோ போகும். அந்த ஆசிரியர்தான் பள்ளியில் வேதியியலும் கணிதமும் நடத்துபவராக இருப்பார். அவர் போன பின், அந்தப் பாடங்கள் இல்லாத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க அடுத்த ஆண்டு இன்னும் சிலர் தயங்குவார்கள். சிறிய பள்ளிகள் இப்படித்தான் தேய்கின்றன. இதோடு ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சமுதாயக் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் நல்ல திட்டம் அது. ஆனால் முழுநேரமும் கல்லூரிக்குப் போகும் மாணவியின் பெயர் உங்கள் பள்ளிப் பட்டியலில் இருந்தாலும், அவளுக்கான அரசுப் பணத்தின் பெரும்பகுதி கல்லூரிக்கே செல்கிறது. ஆகவே 140 என்ற எண்ணைக் கேட்டவுடன், அதில் முழுநேர மாணவராகக் கணக்கில் வருபவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த விடை எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இனி, அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு வருகிறேன். பள்ளி மாவட்டங்களில் சேர்க்கைத் திட்டமிடலில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். கறுப்பினக் குடும்பங்களை எப்படி வரவழைப்பது என்ற கேள்வியோடு தொடங்கும் கூட்டங்கள் பலவற்றில் இருந்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆயினும் அது தவறான இடத்திலிருந்து தொடங்கும் கேள்வி என்றே நினைக்கிறேன். வராதவர்களிடம்தான் ஏதோ குறை இருப்பதுபோலவும், நம் வாசல் திறந்தே கிடப்பதுபோலவும் அது எண்ண வைக்கிறது. கேட்க வேண்டியவை வேறு இரண்டு: வாசல்வரை வந்தவர்களில் உள்ளே வர முடியாமல் போனவர் யார்? உள்ளே வந்தவர்களில் பாதியில் போனவர் யார்?

முதல் கேள்விக்கு ஒரு பழைய அனுபவத்தைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போன்ற ஒரு சிறிய பள்ளியில், முந்தைய ஆண்டு விசாரித்த குடும்பங்களின் குறிப்புச் சீட்டுகளை அலுவலக உதவியாளர் ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவற்றை நூலக மேசையில் பரப்பி, தொலைபேசியில் விசாரித்தவர், பள்ளியைப் பார்க்க வந்தவர், விண்ணப்பித்தவர், சேர்ந்தவர் என்று நான்கு குவியலாகப் பிரித்தோம். முதல் குவியல் நகரத்தைப் போலவே இருந்தது: சோமாலியப் பெயர்கள், வியட்நாமியப் பெயர்கள், நகரின் தெற்குப் பகுதி முகவரிகள். இரண்டாவது குவியலிலேயே அவற்றில் பாதி மறைந்துவிட்டன. காரணம் தேட நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. பள்ளியைச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சி ஆண்டுக்கு இரண்டு முறை, வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு நடந்தது. பல சீட்டுகளின் ஓரத்தில் ஒரே கையெழுத்தில், 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும், திரும்ப அழைக்கவும்' என்று எழுதியிருந்தது. திரும்ப அழைத்ததற்கான குறிப்பு எதிலும் இல்லை. அந்த உதவியாளர் சீட்டைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அவர் மீது பழி சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது குவியல் சுருங்கியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. விண்ணப்பத்தோடு மாணவர் ஒரு கட்டுரை எழுத வேண்டும், பெற்றோரோடு நேர்காணலுக்கு வர வேண்டும். மாணவரைத் தேர்ந்தெடுப்பதற்காக அல்ல, பள்ளியின் இயல்பைப் புரிந்துகொண்டு வரட்டும் என்பதற்காக என்றே அதை வைத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கூடுதல் படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலை பார்ப்பவர்களும் ஆங்கிலம் தயங்கிப் பேசுபவர்களும்தான். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் 1972 இல் தொடங்கிய கம்யூனிட்டி உயர்நிலைப் பள்ளியில் முந்தி வருபவருக்கே இடம் என்ற முறை இருந்தபோது, பெற்றோர்கள் பள்ளி வாசலில் நாள்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். பின்னர்தான் குலுக்கல் வந்தது. நாள்கணக்கில் வேலைக்கு விடுப்பு எடுத்து வரிசையில் நிற்க எந்தக் குடும்பத்தால் முடியும் என்று யோசித்தால், வரிசை என்பதே ஒரு தேர்வுமுறை என்பது விளங்கும். சியாட்டிலில் விருப்பப் பள்ளிகளுக்கு, அதாவது வசிக்கும் பகுதியைப் பாராமல் குடும்பங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பள்ளிகளுக்கு, மாவட்டமே விண்ணப்பம் வாங்குகிறது என்றாலும், அதற்கான முதல் சுற்று குளிர்காலத்தில் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்தவர்களின் அண்டை வீட்டாரும் நண்பர்களும்தான். வாய்வழிச் செய்தியால் நிரம்பும் பள்ளி தன் சாயலிலேயே நிரம்பும்.

'மாற்றுப் பள்ளி' என்ற பெயரும் ஒரு தடை. இதை உங்கள் குழுவில் பலர் உணர்ந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இந்தப் பெயருக்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. ஒன்று 1960களின் இறுதியில் பிறந்தது. பிலடெல்பியாவில் 1969 இல் பார்க்வே என்ற பள்ளி சொந்தக் கட்டடமே இல்லாமல் அருங்காட்சியகங்களிலும் அலுவலகங்களிலும் வகுப்பு நடத்தியது. சியாட்டிலின் நோவா 1970 இல் தொடங்கியது. மாணவர் தன் படிப்பைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எழுந்த பள்ளிகள் இவை. மற்றொன்று, பெரிய பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்களையும் பள்ளிப்படிப்பை முடிக்கத் தேவையான பாட அலகுகள், அதாவது கிரெடிட், குறைந்தவர்களையும் அனுப்பி வைக்கும் இடம். நாட்டின் பல மாவட்டங்களில் இன்றும் 'மாற்று' என்றால் இந்த இரண்டாவது பொருள்தான்; அங்கு அனுப்பப்படுவோரில் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தங்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருக்கிறார்கள். டாக்ஸி ஓட்டும் ஒரு எத்தியோப்பியத் தந்தை, பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "என் மகன் என்ன தப்புச் செய்தான்? எதற்காக அவனை இங்கே அனுப்பச் சொன்னார்கள்?" அவருக்கு அந்தப் பள்ளியின் சோபாக்களும் சுவர் ஓவியங்களும் சுதந்திரமாகத் தெரியவில்லை, கைவிடப்பட்டதன் அடையாளமாகத் தெரிந்தன. ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் மகன் இங்கே படித்தால் அது அவனுடைய தனித்தன்மை. தம் மகன் இங்கே படித்தால் அது அவனுடைய தோல்வி என்று உலகம் சொல்லும் என்பதை அந்தத் தந்தை சரியாகவே கணித்திருந்தார். மதிப்பெண் இல்லை என்றதும் நம் தமிழ்க் குடும்பங்கள் பின்வாங்குவதும் இதே அச்சத்தின் இன்னொரு முகம்தானே. இதற்கு மறுமொழி அழகான துண்டறிக்கை அன்று. சென்ற சில ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் எந்தக் கல்லூரிக்கு, எந்த வேலைக்குப் போனார்கள் என்ற பட்டியலும், மாநிலம் கேட்கும் 24 கிரெடிட்டுகளை இங்கே எப்படி முடிக்கிறார்கள் என்ற தெளிவான விளக்கமும், அதை எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கிலோ ஸ்பானியத்திலோ சொல்லக்கூடிய ஒரு பெற்றோருமே மறுமொழி.

உங்கள் கணவரின் யோசனை நியாயமான மனத்திலிருந்து வந்தது. நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டு நாடுகளும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை கண்டன. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இந்தியா அதே ஆண்டில் அரசியலமைப்பையே திருத்தி இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு திருத்தம் வரவில்லை. இங்கே இதே கேள்வி பற்றிய வழக்கு உங்கள் நகரத்திலிருந்தே எழுந்தது. சியாட்டில் மாவட்டம் 1978 இல் நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமலே, இனப் பிரிவினையைக் குறைக்க நகரம் முழுவதும் பேருந்தில் பிள்ளைகளை மாற்றி அனுப்பிய மாவட்டம். அந்தத் திட்டம் தளர்ந்த பிறகு, 1990களின் இறுதியில், இடம் போதாத உயர்நிலைப் பள்ளிகளில் சகோதரர் அங்கே படிக்கிறாரா என்று முதலில் பார்த்து, அடுத்து மாணவரின் இனத்தைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பு இடங்களை ஒதுக்கினார்கள். 2007 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த முறையைச் செல்லாது என்றது. ஆகவே ஒரு தனி மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் கொடுப்பதோ மறுப்பதோ உங்கள் பள்ளியால் முடியாது. குழுவில் யாராவது அப்படி ஒரு விதியை எழுத முனைந்தால் நயமாகத் தடுத்துவிடுங்கள்.

ஆயினும் அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படிக்காமலே பலர் கையை விரித்துவிடுகிறார்கள். ஐந்தாவது வாக்கை அளித்த நீதிபதி கென்னடி தனியே எழுதிய கருத்தில், பள்ளிகளில் பன்மை வேண்டும் என்று விரும்புவது முறையான நோக்கமே என்றும், புதிய பள்ளிகளுக்கு இடம் தேர்வதிலும் எல்லை வகுப்பதிலும் சிறப்புத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவதிலும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் தேடிச் சென்று அழைப்பதிலும் சேர்க்கை விவரங்களைக் கவனித்து வருவதிலும் அந்த நோக்கத்தைக் கருதலாம் என்றும் சொன்னார். உங்கள் கையில் இருக்கும் கருவிகள் இவை. குடும்ப வருமானம், வசிக்கும் பகுதி ஆகியவற்றுக்குக் குலுக்கலில் முன்னுரிமை தரும் மாவட்டங்களும் உண்டு. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வருமான அடிப்படைக்கு மாறியது. நியூயார்க்கின் புருக்ளினில் 15-ஆம் மாவட்டம் 2019 முதல் நடுநிலைப் பள்ளி இடங்களில் 52 சதவீதத்தைக் குறைந்த வருமானக் குடும்பங்கள், ஆங்கிலம் கற்கும் மாணவர்கள், வீடற்றோர் ஆகியோருக்கு முன்னுரிமையாக வைத்தது. ஆனால் இடங்கள் காலியாகக் கிடக்கும் பள்ளியில் முன்னுரிமைக்குப் பொருளே இல்லை. உங்கள் பள்ளிக்கு வரிசை இல்லை; ஆகவே அழைப்பும் வழியும்தான் உங்கள் வேலை. நடுநிலைப் பள்ளி ஆலோசகர்களை நேரில் சந்திப்பது, தெற்குப் பகுதி நூலகக் கிளைகளில் சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் வைப்பது போன்றவற்றில் தொடங்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து 18 வயது வரையுள்ளவர்கள் மாநிலம் முழுவதும் பொதுப் பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்பதைப் பல குடும்பங்கள் இன்னும் அறியவில்லை. எந்தப் பேருந்து, எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதுவே சிலரை உள்ளே கொண்டுவரும்.

பேருந்து என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. சியாட்டிலில் கறுப்பின மக்களின் இருப்பிடமாக இருந்த சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் 1970 வாக்கில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். இன்று ஐந்தில் ஒருவர்கூட இல்லை. வாடகையும் சொத்து வரியும் அவர்களைத் தெற்கே உள்ள ரென்டன், கென்ட் ஆகிய புறநகர்களுக்குத் தள்ளிவிட்டன. உங்கள் குழுவில் ஒருவர், அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று வியந்திருப்பார். மாவட்ட எல்லைக்கு வெளியே போய்விட்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் விடை. அதைத் தெரிந்துகொண்டு பேசினால், அடைய முடியாத இலக்கை வைத்துக்கொண்டு ஆசிரியர்களை வாட்டாமல் இருக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. என் அனுபவத்தில் இதுதான் கனமானது. 140 பேரில் ஏழு கறுப்பின மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து சதவீதம். ஆண்டிறுதிக்குள் இரண்டு பேர் விலகினால் மூன்றரைச் சதவீதம். அறிக்கையில் இது ஒரு சிறு சரிவு. பத்துப் பேருக்குக் குறைவான எண்ணிக்கையைத் தனியுரிமைக்காக மாநிலத்தின் பொது அறிக்கைகள் மறைத்துவிடுவதால், அந்தச் சரிவு வெளியே தெரியக்கூடத் தெரியாது. எஞ்சிய ஐந்து பேருக்கோ வகுப்பறையே மாறிவிடும். நான்கு வகுப்புகளில் பிரிந்தால் ஒவ்வொருவரும் அநேகமாகத் தனி. நான் அறிந்த ஒரு மாணவி, அடிமை முறை பற்றிய பாடம் நடந்த மூன்று வாரமும் ஜன்னலோர நாற்காலியை விட்டுக் கதவோரத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை கலந்துரையாடல் தொடங்கும்போதும் எல்லாக் கண்களும் தன் மீது திரும்புகின்றன, கதவோரத்தில் இருந்தால் திரும்புவது குறைவு என்று பின்னர் ஆலோசகரிடம் சொன்னாள். யாரும் அவளைப் புண்படுத்த நினைக்கவில்லை. நவம்பரில் அவள் பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டாள். விலகல் படிவத்தில் காரணம் 'போக்குவரத்து' என்று எழுதியிருந்தது.

அந்தப் படிவத்தை நம்பி நடந்த குழு அடுத்த ஆண்டு பேருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆகவே புதியவர்களை அழைப்பதற்கு முன், சென்ற மூன்று ஆண்டுகளில் விலகிய ஒவ்வொரு குடும்பத்தையும் அவர்கள் நம்பும் ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சிறிய பள்ளியில் அது முப்பது, நாற்பது அழைப்புகளுக்கு மேல் போகாது. அழைப்புக்குரிய விவரங்கள் பள்ளி ஊழியர் கையிலேயே இருக்கட்டும். பெற்றோர் குழு அவற்றைப் பார்க்கச் சட்டம் இடம் தராது. தொகுத்த காரணங்கள் மட்டும் குழுவுக்கு வந்தால் போதும். ஒரு புதிய மாணவரைச் சேர்ப்பதும் இருக்கிற ஒருவர் விலகாமல் காப்பதும் மாதத்தின் முதல் நாள் எண்ணிக்கையில் ஒரே மதிப்புடையவை என்பதை முதல்வரும் ஒப்புக்கொள்வார்.

படிவத்தில் இல்லாத பன்மையும் உங்கள் பள்ளியில் இருக்கிறது. பெரிய பள்ளியில் கேலிக்கு ஆளான திருநர் பிள்ளைகள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், நோயால் ஓராண்டு இழந்தவர்கள் இத்தகைய பள்ளிகளைத் தேடி வருகிறார்கள். உங்கள் மகளும் ஒருவகையில் அப்படித்தானே வந்தாள். எண்ணிக்கையைப் பெருக்கும் அவசரத்தில் அவர்களுடைய பாதுகாப்பைப் பேரம் பேசும் பேச்சு எழுந்தால் அதற்கு இணங்காதீர்கள். அதே வேளை, எங்கள் பள்ளி ஏற்கெனவே எல்லாரையும் அணைக்கிறது என்று சொல்லி, இனத்தைப் பற்றிய கேள்வியை மூடிவிடவும் விடாதீர்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

இறுதியாக, அந்த அறையில் உங்கள் இடம். கறுப்பினக் குடும்பங்களின் சார்பில் பேசும் பொறுப்பு உங்களுடையதன்று; அப்படிக் கேட்டால், அவர்களையே, அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், செலவழித்த நேரத்துக்கு மதிப்பூதியம் தந்து அழைத்துக் கேளுங்கள் என்று சொல்லலாம். 'ஆசியர்' என்ற ஒற்றைக் கட்டத்தின் பிரதிநிதியாகவும் நீங்கள் ஆக வேண்டியதில்லை. 2007 தீர்ப்பில் அடிபட்ட அந்தப் பழைய முறை மாணவர்களை வெள்ளையர், வெள்ளையர் அல்லாதார் என்று இரண்டே கூறாகப் பிரித்தது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம்மையும், அகதியாய் வந்த கம்போடியக் குடும்பத்தையும், நூறாண்டாய் இங்கே வாழும் கறுப்பினக் குடும்பத்தையும் ஒரே கட்டத்தில் போட்டது. கென்னடியும் அந்தக் குறையைச் சுட்டினார். வாஷிங்டன் மாநிலம் 2016 இல் இயற்றிய சட்டத்தால் இப்போது ஆசிய உட்பிரிவுகளும் தனித்தனியே பதிவாகின்றன. அந்த விரிந்த பட்டியலைக் கேளுங்கள். உங்களைப் போன்ற இன்னும் ஐந்து குடும்பங்கள் வந்தால் வெள்ளையர் அல்லாதார் சதவீதம் உயரும், அறிக்கை அழகாகும், ஆனால் அந்த எத்தியோப்பியத் தந்தைக்கு எதுவும் மாறியிராது என்பதைக் குழுவில் சொல்லத் தகுதியானவர் நீங்கள்தான். மற்றவர்கள் சொல்லத் தயங்குவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று தாள்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்: விசாரித்தவர் முதல் சேர்ந்தவர் வரை எத்தனை பேர் எந்தப் படியில் நின்றார்கள் என்பது, மூன்று ஆண்டுகளில் விலகியோர் எத்தனை பேர், எந்த மாதத்தில் என்பது, ரன்னிங் ஸ்டார்ட் போக முழுநேரக் கணக்கு எவ்வளவு என்பது. விண்ணப்பக் காலம் தொடங்கு முன் இவை கைக்கு வந்துவிட்டால் இந்த ஆண்டே ஏதாவது செய்ய நேரம் இருக்கும். தாள்கள் கிடைத்ததும், மாணவர் பெயர்கள் இல்லாமல், எனக்கும் அனுப்பி வையுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.